ஹுசேன் சாகரின் நடுப்பாறை

ஹுசேன் சாகருக்கு அந்தப் பெயரை வைத்தது ராஜா அல்ல, ஊர் மக்கள்தான் என்று ஹைதராபாதில் ஒரு கதை சொல்வார்கள். கோல்கொண்டாவை இப்ராஹிம் குதுப் ஷா ஆண்ட காலம். 1562-ஐ ஒட்டிய ஆண்டுகள். ஏரி வேலையை மேற்பார்த்தவர் ராஜாவின் மருமகன் ஹுசேன் ஷா வலி. வேலை முடிந்ததும் ராஜா தன் பெயரை ஏரிக்குச் சூட்ட நினைத்தாராம். ஆனால் தினமும் கரையில் நின்று வேலை வாங்கிய ஹுசேனின் பெயர் அதற்குள் எல்லார் வாயிலும் ஏறிவிட்டது. ராஜா அதை மாற்ற முயலவில்லை. இப்ராஹிம்பட்டணத்தில் இன்னொரு ஏரி எடுத்து அதற்குத் தன் பெயரை வைத்துக்கொண்டார்.

கதைதான். ஆனாலும் அது எனக்குப் பிடிக்கும். இந்த ஏரியின் நீண்ட வரலாற்றில் ஊரார் சொல் ஆள்பவர் சொல்லை வென்ற முதல் இடம் அது. அதற்குப் பிறகு அப்படி ஓர் இடத்தைத் தேட வெகுகாலம் நடக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலுக்கு ஏரியின் நடுவே கிடக்கும் பாறையைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏரி வந்தபோது ஹைதராபாத் என்ற நகரமே இல்லை. சார்மினாரும் அதைச் சுற்றிய ஊரும் 1591-ல் வந்தவை. செகந்திராபாத் வர இன்னும் இரண்டு நூற்றாண்டு ஆயிற்று. 1798-ல் நிஜாமோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி கம்பெனிப் படைகள் ஏரிக்கு வடக்கே கூடாரம் அடித்தன. 1806-ல் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அது செகந்திராபாத் ஆயிற்று. தெற்கே நிஜாமின் ஊர், வடக்கே வெள்ளைக்காரர் தண்டு, இரண்டையும் இணைப்பது ஏரிக்கரை. தண்டோடு வந்தவர்களில் தமிழர்கள் நிறைய. முதலியார்களின் பெயர்கள் செகந்திராபாத் தெருக்களில் இன்றும் இருக்கின்றன. நான் வளர்ந்த பத்மாராவ் நகரே அப்படி ஒரு பெயர்தான். அங்கே ஸ்கந்தகிரி முருகன் கோயிலைச் சுற்றி நாங்கள் வீட்டில் தமிழும் கடையில் தெலுங்கும் ஆட்டோவில் உருதுவுமாக வளர்ந்தோம்.

ஏரி நடுவே நீட்டிக்கொண்டிருந்த கருங்கல் பாறைக்கு வெள்ளைக்காரர்கள் 'ஜிப்ரால்டர் பாறை' என்று பெயர் வைத்தார்கள். தக்காணத்துக் கருங்கல்லின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. பஞ்சாரா ஹில்ஸிலும் ஜூபிலி ஹில்ஸிலும் வீடு கட்ட வெடி வைத்துத் தகர்த்ததும் இதே கல்தான். அந்தத் தகர்ப்பைத் தடுக்க 1996-ல் 'சேவ் ராக்ஸ் சொசைட்டி' என்ற அமைப்பு உருவாயிற்று. ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து இந்த நகரத்தின் வரலாற்றை எழுதிய நரேந்திர லூதர் அதில் முன்னின்றவர்; தன் வீட்டையே பாறையை உடைக்காமல் அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். ஆனால் ஏரிப் பாறையின் விதி அதற்கு முன்பே முடிவாகிவிட்டது.

1920-ல் மூசி ஆற்றின் மேல் உஸ்மான் சாகர் கட்டி முடிந்தது. சில ஆண்டுகளில் ஹிமாயத் சாகரும் வந்தது. நகரத்தின் குடிநீர் அங்கிருந்து வரத் தொடங்கியதும் ஹுசேன் சாகரின் மேல் இருந்த கவனம் குறைந்தது. குடிக்கிற தண்ணீர் என்றால் ஊர் காவல் காக்கும். வேடிக்கை பார்க்கிற தண்ணீராக ஆனதும் அதில் எதையும் விடலாம் என்றாகிவிட்டது. 1920-ல் கரையில் அனல் மின் நிலையம் எழுந்தது. (1980-களில் அது ஓய்ந்து, 1995-ல் இடிக்கப்பட்டு, பிறகு அந்த இடத்தில் பிரசாத்ஸ் ஐமேக்ஸ் வந்தது.) கூகட்பல்லி நாலா வழியாக ஆலைக் கழிவும் சாக்கடையும் வந்து சேர்ந்தன. 1946-ல் திவான் மிர்சா இஸ்மாயில் கரையை அகலப்படுத்தி உலாவும் சாலையாக்கினார். நாங்கள் பார்த்த டேங்க் பண்ட் அதுதான். மாலையில் காற்று நன்றாக இருக்கும். வெயில் காலத்தில் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்போம்.

1983-ல் என். டி. ராமராவ் முதலமைச்சரானார். அமெரிக்கா போனபோது நியூயார்க் துறைமுகத்து சுதந்திர தேவி சிலையைப் பார்த்து, நம் ஊர்த் தண்ணீரிலும் ஒன்று நிற்க வேண்டும் என்று அவர் நினைத்ததாகச் சொல்வார்கள். அந்தப் பாறை மேல் நிறுத்த அவர் தேர்ந்தெடுத்தது புத்தரை. ஆந்திர மண்ணுக்கும் பௌத்தத்துக்கும் பழைய உறவு உண்டு: அமராவதி, நாகார்ஜுனகொண்டா. அந்த நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கே நாகார்ஜுன சாகர் அணைத் தண்ணீரில் மூழ்கி, எஞ்சியவை மலையுச்சியில் மீண்டும் அமைக்கப்பட்டு இன்று ஒரு தீவில் இருக்கின்றன. ஆகவே புத்தரைத் தேர்ந்தெடுத்ததில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்தச் சிலையை நான் நேசிக்கிறேன்.

ஹைதராபாதிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி, புவனகிரிக்குப் பக்கத்து ராயகிரியில் கல் கிடைத்தது. 1985-ல் வேலை தொடங்கியது. சிற்பி எஸ். எம். கணபதி ஸ்தபதி. (கன்னியாகுமரிப் பாறையில் வள்ளுவரை நிறுத்திய வை. கணபதி ஸ்தபதி வேறு. தமிழ் வாசகர்கள் இருவரையும் குழப்பிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.) ஒரே கல்லில் ஏறத்தாழ 17 மீட்டர் உயரம், 300 டன்னுக்கு மேல் எடை. 1988 நவம்பரில் 192 சக்கர டிரெய்லரில் அதை நகருக்குக் கொண்டுவந்தார்கள். சாலையோரமெல்லாம் கூட்டம். நானும் என் அப்பாவும் போய்ப் பார்த்தோம்.

அப்பா லல்லாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நிஜாம் ரயில்வே காலத்தில், 1893-ல் தொடங்கிய இடம் அது. பாரம் தூக்குவதில் அங்கே இருப்பவர்களுக்குத் தலைமுறை அனுபவம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா பேசாமல் வந்தார். பிறகு சொன்னார்:

"ரோட்டுல சரிம்மா. தண்ணியில எப்படிக் கொண்டுபோவாங்க?"

"எஞ்சினியருங்க கணக்குப் போட்டிருப்பாங்கப்பா."

"போட்டிருப்பாங்க. நான் அதைச் சொல்லல. ஒர்க்‌ஷாப்புல ஒரு போகியைத் தூக்கறதுக்கு முன்னாடி கலாசிங்களைக் கூப்பிட்டுக் கேட்போம். கயிறு எங்கே வழுக்கும்னு கயிறு பிடிக்கிறவனுக்குத்தான் தெரியும். இங்கே யாரைக் கேட்டாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போக ஓர் இடமும் இல்லை. இந்தியாவில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்ததே 1994-ல். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயமானது 1997-ல். 1985-ல் ஓர் ஏரித் தீவின் மேல் என்ன கட்டினாலும் அதைப் பற்றி யாரையும் கேட்க வேண்டிய கடமை சட்டத்தில் இல்லை. ஏரியைச் சுற்றி வாழ்ந்தவர்கள் செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். தெலங்கானாவின் ஏரிகளில் தலைமுறைகளாக வலை வீசும் கங்கபுத்ரர்களுக்குக் காற்று எப்போது திரும்பும், எங்கே ஆழம், எங்கே சேறு என்றெல்லாம் தெரியும். சாலையில் போகும் பாரத்தை ரயில்வேக்காரர்கள் அறிவார்கள் என்றால், தண்ணீரில் போகும் பாரத்தை அவர்கள் அறிவார்கள்.

சிலை கரையில் காத்திருந்தபோதே ஆட்சி மாறியது. 1989 டிசம்பரில் மர்ரி சென்னா ரெட்டி முதலமைச்சரானார். 1990 மார்ச் 10, சனிக்கிழமை, புத்தரை ஒரு தட்டை மிதவையில் ஏற்றிப் பாறைக்குக் கொண்டுபோனார்கள். கரையிலிருந்து அதிக தூரம் போவதற்குள் மிதவை நிலைகுலைந்து சிலை தண்ணீருக்குள் சரிந்தது. குறைந்தது எட்டுத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். மிதவையின் மேல் நின்று சங்கிலியும் கயிறும் பிடித்தவர்கள்.

அன்று மாலை பத்மாராவ் நகரில் வானொலி வைத்திருந்த வீடுகள் எல்லாவற்றிலும் ஒரே செய்தி. அப்பா சாப்பிடவில்லை. அவர் கேட்ட கேள்வியை நினைவுபடுத்த எனக்கு மனம் வரவில்லை; அவரும் அதைத் திரும்பச் சொல்லவில்லை.

புத்தர் இரண்டரை ஆண்டுக்கு மேல் ஏரிக்கு அடியில் கிடந்தார். கழிவுநீருக்கும் சேற்றுக்கும் நடுவே கல் சேதமில்லாமல் இருந்தது என்பது பெரிய அதிசயம். அந்த நாட்களில் கரையில் நடப்பவர்கள் தண்ணீரைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள்: எடுப்பார்களா, விட்டுவிடுவார்களா, எடுத்தால் அதே பாறையில் வைப்பார்களா, கரையிலேயே நிறுத்திவிடலாமே. எங்கள் வீட்டுத் திண்ணையில்கூட அந்தப் பேச்சு நடந்தது. ஊரே பேசியது, அந்தப் பேச்சை எழுதி வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. கருத்துக் கேட்புக்கு அதைவிடப் பொருத்தமான தருணம் இந்த ஏரிக்கு வாய்த்ததில்லை என்று இன்றும் நினைக்கிறேன். திட்டம் நின்றிருந்தது, உயிர்கள் போயிருந்தன, என்ன செய்வது என்று எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். 1992-ல் சிலையை மீட்டார்கள். டிசம்பர் 1-ம் தேதி, கோட்லா விஜயபாஸ்கர ரெட்டி முதலமைச்சராக இருந்தபோது, பாறை மேல் அது நின்றது. 2006-ல் தலாய் லாமா வந்து பூசை செய்தார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. 1994-ல் செயலகத்துக்கு எதிரே லும்பினி பூங்கா. அங்கிருந்து பாறைக்குப் படகு. 1990-களின் இறுதியில் ஏரியின் மறுபக்கம் நெக்லஸ் ரோடு. என்.டி.ஆர். பூங்கா. ஒவ்வொன்றும் தண்ணீரிலிருந்து கொஞ்சம் இடம் எடுத்துக்கொண்டது. வெறும் பாறையாக இருந்தது உல்லாசத் தீவாயிற்று. டிக்கெட் வாங்கி, படகேறி, இறங்கி, படம் எடுத்துத் திரும்பும் இடம்.

கேட்காமல் செய்ததன் விலையைக் கரையில் இன்னொரு விதமாகவும் பார்த்தோம். 1980-களில் என்.டி.ஆர். காலத்தில்தான் டேங்க் பண்ட் நெடுக 33 சிலைகள் வந்தன: நன்னயா, திக்கனா, போத்தனா, வேமனா, மொல்லா, ருத்ரமாதேவி, தானா ஷா, மக்தூம் மொஹியுத்தீன், ஆர்தர் காட்டன் என்று. யாரை நிறுத்துவது, யாரை விடுவது என்ற பட்டியலை அரசு போட்டது. தெலங்கானாவின் ஆட்கள் போதுமான அளவு இல்லை, பழங்குடிப் போராளி கொமுரம் பீம் இல்லை என்ற மனக்குறை ஆண்டுக்கணக்கில் ஊறியது. 2011 மார்ச் 10-ம் தேதி தனித் தெலங்கானா போராட்டத்தின் 'மில்லியன் மார்ச்' டேங்க் பண்டில் நடந்தபோது பல சிலைகள் உடைத்து ஏரியில் தள்ளப்பட்டன. கவிஞர்களின் தலைகள் தண்ணீரில் போனதைப் பார்த்து நான் அழுதேன். உடைத்தது தவறு, அதில் எனக்கு ஐயமில்லை. அதே சமயம், பட்டியல் போட்ட அன்றே வரங்கல்காரரையும் ஆதிலாபாத்காரரையும் உட்கார வைத்துப் பேசியிருந்தால் கொமுரம் பீம் முதல் நாளிலேயே கரையில் நின்றிருப்பார் என்பதும் உண்மை. பின்னால் உடைந்தவை மீண்டும் நிறுவப்பட்டன, பீமும் வந்தார்.

ஊரார் குரல் கடைசியில் நுழைந்த வழி நீதிமன்றம். விநாயகர் சதுர்த்திக்குப் பிறகு நகரம் முழுவதிலிருந்தும் பிள்ளையார்கள் டேங்க் பண்டுக்கு வருவார்கள். கிரேன் வைத்து ஏரியில் இறக்குவார்கள். கைரதாபாத் பிள்ளையாருக்கு 1954-லிருந்து வரலாறு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் ரசாயனச் சாயமும் தண்ணீரை என்ன செய்கின்றன என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் வழக்கு மேல் வழக்குப் போட்டார்கள். 2021 செப்டம்பரில் தெலங்கானா உயர் நீதிமன்றம் அத்தகைய சிலைகளை ஹுசேன் சாகரில் கரைக்கத் தடை விதித்தது. சில நாட்களில் உச்ச நீதிமன்றம், இதுவே கடைசி முறை என்று அந்த ஆண்டுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. 2022-ல் கைரதாபாத் பிள்ளையார் களிமண்ணில் வந்தார், 50 அடி உயரத்தில். ஆனால் நீதிமன்றத்தில் கிடைப்பது தீர்ப்பு. வாதி ஒரு பக்கம், அரசு ஒரு பக்கம். தூல்பேட்டையில் ஆண்டு முழுவதும் சிலை செய்து கடன் அடைக்கும் குடும்பங்கள், பந்தல் போடும் பேட்டைப் பிள்ளைகள், மீனவர்கள், கரையில் சோளம் சுட்டு விற்கிறவர்கள் எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒருவர் சிரமத்தை மற்றவர் கேட்கும் வாய்ப்பு அங்கே இல்லை.

கேரளத்தில் வேம்பநாட்டு ஏரியின் நெடியதுருத்து தீவிலும் இதுதான் நடந்தது. பாணாவள்ளி ஊராட்சியில் உள்ள அந்தச் சின்னத் தீவில் காப்பிகோ நிறுவனம் 54 வில்லாக்களோடு சொகுசு விடுதி கட்டியது. தலைமுறைகளாக அங்கே ஊன்றி வலை கட்டிய மீனவர்கள் தங்கள் வலையிடம் போயிற்று என்று வழக்காடினார்கள். கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியதென்று கேரள உயர் நீதிமன்றம் 2013-ல் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2022 செப்டம்பரில் இடிப்பு தொடங்கியது. மீனவர்கள் வென்றார்கள். வெல்லும்போது ஒரு விடுதி முழுதாகக் கட்டப்பட்டு, ஒரு நாள்கூட ஓடாமல் நின்று, கான்கிரீட் குவியலாக ஆகியிருந்தது. முதல் தூண் ஊன்றுமுன் ஊன்றி வலைக்காரர்களைக் கேட்டிருந்தால் அந்தக் குவியல் இருந்திருக்காது.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து கரைக்கு அப்பால் கிரேட் கெப்பல் தீவு இருக்கிறது. அதன் மக்களான வொப்பாபுரா இனத்தார் அதை வொப்பா என்பார்கள். 1902-ல் அவர்களை அங்கிருந்து அகற்றினார்கள். பின்னாளில் புகழ்பெற்ற உல்லாச விடுதி ஒன்று அங்கே ஓடி, 2008-ல் மூடியது. அதன் பின் பதினைந்து ஆண்டுகள் பாழடைந்த கட்டடங்களும் வராத முதலீடும்தான். 2021-ல் வொப்பாபுரா மக்களின் பூர்வ நில உரிமையை நீதிமன்றம் ஏற்றது. அதன் பின் மாநில அரசு பழைய குத்தகையை முடித்து, தீவுவாசிகள், வொப்பாபுரா மக்கள், எதிர்க்கரை ஊரார் எல்லாரிடமும் கருத்துக் கேட்டு முதன்மைத் திட்டம் வகுப்பதில் இறங்கியது. அங்கேயும் எல்லாம் தாமதமாகத்தான் நடந்தது. ஆனால் அடுத்து என்ன என்ற கேள்வியை அந்தத் தீவை இழந்தவர்களிடமும் கொண்டுபோனார்கள். அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அண்மை ஆண்டுகளில் ஹுசேன் சாகரைச் சுற்றி மறுபடியும் பெரிய வேலைகள். 2023 பிப்ரவரியில் கரையில் ஃபார்முலா ஈ கார்ப் பந்தயம். ஏப்ரலில் 125 அடி அம்பேத்கர் சிலையும் புதிய செயலகமும். ஜூனில் தெலங்கானா தியாகிகள் நினைவகம். பாறைக்கும் பூங்காவுக்கும் புதுப் புதுத் திட்டங்கள் பேசப்படுகின்றன. இப்போது சட்டத்தில் இடம் இருக்கிறது: நகரத் திட்டத்தை மாற்றுவதற்கு முன் செய்தித்தாளில் அறிவிப்பு, ஆட்சேபணைக்கும் ஆலோசனைக்கும் நாள். 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையோ, தன் கீழ் வரும் திட்டங்களின் கருத்துக் கேட்புக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. ஆனால் பொடி எழுத்தில், உள்பக்கத்தில், சர்வே எண்களோடு வரும் அறிவிப்பைப் படகோட்டி எப்படிப் பார்ப்பார்? எங்கள் பகுதியில் ஒரு பூங்காவுக்காக நடந்த கூட்டத்துக்குப் போயிருந்தேன். வேலை நாள், காலை பதினொரு மணி. அங்கே தினமும் பூ விற்கும் அம்மாவால் வர முடியவில்லை. வந்திருந்தவர்கள் ஓய்வு பெற்ற நாங்கள் மட்டுமே. திட்ட வரைபடம் ஆங்கிலத்தில் இருந்தது.

எங்கள் தெருவில் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். பாறையிலோ ஏரிக் கரையிலோ எது கட்டினாலும் அதன் மாதிரியை லும்பினி படகுத்துறையில் ஒரு மாதம் வைக்க வேண்டும். விளக்கம் தெலுங்கிலும் உருதுவிலும் இருக்க வேண்டும். கூட்டம் ஞாயிறு மாலையில், கரையிலேயே நடக்க வேண்டும். மீனவர் சங்கம், படகுத் தொழிலாளர், சிலை செய்பவர், தள்ளுவண்டிக்காரர் ஆகியோருக்குத் தனித்தனியே அழைப்புப் போக வேண்டும். 1990-ல் இறந்த தொழிலாளர்களின் குடும்பங்களைத் தேடிப்பிடித்து அவர்களையும் கேட்க வேண்டும். பாரம் ஏற்றும் வேலை இருந்தால் அதில் கைவைக்கப் போகிறவர்களோடு பொறியாளர்கள் முன்கூட்டியே பேசியதன் குறிப்பு பொதுவில் இருக்க வேண்டும் என்ற வரியை நான் சேர்த்தேன். அதைத் தெலுங்கில் எழுதிக் கொடுத்தது பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி. இப்போது கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். ஸ்கந்தகிரி கோயில் வாசலில் மனு மேசை போட்டிருக்கிறோம். அடுத்த வாரம் லல்லாகூடா கேட்டுக்குப் போகிறோம்.